கடைசி வரியில் என் பெயர்

என் மனைவி பாட்டு இயற்றுகிறவள். நானும் பாட்டு இயற்றுகிறவன். இந்த இரண்டு வாக்கியங்களையும் இந்த வரிசையில் எழுத எனக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நான் பாட்டு வாத்தியார். மதுரையில் இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, பெரிய வித்வானாக ஊர் திரும்பப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, காலை இறைவணக்கத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற வேலையில் வந்து சேர்ந்தவன். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் அதை ஈடுகட்ட ஒன்று வைத்திருந்தேன். கீர்த்தனைகள் எழுதினேன். நாற்பத்தி மூன்று கீர்த்தனை, இரண்டு வர்ணம், ஒரு தில்லானா. சாகித்தியம் கறுப்பு மையில், மேலே ஸ்வரம் சிவப்பு மையில். எல்லாவற்றிலும் கடைசி வரியில் என் முத்திரை இருக்கும். முத்திரை என்றால், இயற்றியவர் தன் பெயரையோ புனைபெயரையோ பாட்டுக்குள்ளேயே பதித்து வைப்பது. எத்தனை வருடம் கழித்து யார் பாடினாலும் இது இன்னாருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா? என் முத்திரையைத் தேர்ந்தெடுக்கவே நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் முதல் பாட்டையே எழுதினேன். அதை இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மெட்ராஸில் பாடுகிறவர்களுக்கு அனுப்புவேன். ஒருவர் ஒரு சமஸ்கிருதச் சொல்லில் எழுத்துப்பிழை இருப்பதாகப் பதில் போட்டார். மற்றவர்கள் அதுகூடப் போடவில்லை.

என் மனைவி நாகலாபுரம் பக்கத்தில் ஆடு மாடு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமான முதல் வருடம் அவளுக்கு நான் சரளி வரிசையிலிருந்து கீதம் வரைக்கும் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தேன். குரல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் காதில் விழுந்தது காதிலேயே நின்றுவிடும். மகள் பிறந்ததும் பாடம் நின்றது. நான் மறுபடி தொடங்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காலையில் கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்புவாள். சாயங்காலம் முன்னறையில் என்னிடம் பிள்ளைகள் பாட்டுப் படிக்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். சில நாள் அங்கிருந்தே சத்தம் வரும்.

"பாப்பா, ஏறும்போது சரியாத்தான் போன. எறங்கும்போது ஒண்ண முழுங்கிட்டியே."

நானே கவனிக்காத பிழையாக இருக்கும். பிள்ளைகள் சிரிக்கும். "அடுப்பப் பாருட்டி" என்பேன். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அவளுடைய சங்கீதம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம். விதைத்து முளைத்தும் ஆகிவிட்டது, இன்னும் ஒரு மழை விழுந்தால்தான் உளுந்து நிற்கும் என்று மாமனார் காலையில் போன் பண்ணியிருந்தார். மதியம் மூன்று மணி வாக்கில் கழுகுமலைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தெரு முழுக்க மொட்டை மாடிகளில் துணி எடுக்கிற ஓட்டம். மண்வாசனைகூட வந்துவிட்டது, வேறு எங்கேயோ பெய்த மழையின் வாசனை. பிறகு காற்று திரும்பி, மேகம் அப்படியே தெற்கே போய்விட்டது. அவள் துணிக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி வரும்போது ஏதோ முனகிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இதக் கொஞ்சம் எழுதி வைங்களேன். ராத்திரிக்குள்ள மறந்துருவேன்."

"என்னது?"

"ஒரு பாட்டு. ரெண்டு நாளா வந்து வந்து போவுது."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. கையில் இருந்தது என் கீர்த்தனை நோட்டுதான். அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "பாடு" என்றேன்.

மழைக்குப் பாட்டு என்றால் அமிர்தவர்ஷிணி ராகம் என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கை போகும். என்னிடமே அதில் இரண்டு உண்டு. அவள் எடுத்தது சஹானா. மிஸ்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை.

வந்த வழி மறந்தாயோ, கருமேகமே,
வாய் பிளந்து கிடக்குது நிலமே

என்று பல்லவி. மழையிடம் கெஞ்சவே இல்லை. நேரத்துக்கு வீடு திரும்பாத மனிதனிடம் வாசலில் நின்று கேட்கிற மாதிரி கேட்டாள். சரணத்தின் கடைசி இரண்டு வரி இப்படி வந்தது:

ஆடறியும் பசி, ஆளறியும் பசி,
ஆரறிவார், மண்ணின் தாகம்

'ஆரறிவார்' என்று கேட்டுவிட்டு இரண்டு எண்ணிக்கை சும்மா இருந்தாள். பிறகு 'மண்ணின்' என்று தாழ எடுத்து, 'தாகம்' என்ற சொல்லைக் காந்தார ஸ்வரத்தில் நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுக்கு இழுத்து, அந்த இழுப்பிலேயே பல்லவிக்குள் போய் விழுந்தாள். எங்கே சரணம் முடிந்தது, எங்கே பல்லவி ஆரம்பித்தது என்று தெரியாதபடி.

நான் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைத் தூக்கிவிட்டேன். இருபது வருடமாக நான் ஒரு பாட்டிலாவது கொண்டுவரப் பார்த்த திருப்பம் அது. என் நாற்பத்தி மூன்றிலும் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு படிக்கட்டு இருக்கும், கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். இவள் துணிக்கட்டோடு வந்து நின்றுகொண்டு, படியே இல்லாமல் இறங்கிவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சினிமாச் சாயல் அடிக்கு."

"எந்த எடத்துல?"

எனக்கு ஓர் இடமும் காட்ட முடியவில்லை. "மொத்தமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு துணியை மடிக்கப் போனாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது நெஞ்சில் ஒரு கசப்பு ஊறியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பெயர் என்னவென்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அடுத்த பங்குனியில் கழுகுமலைக் கோயில் திருவிழாவில் பாட மெட்ராஸிலிருந்து ஒரு பாடகி வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல பெயர் வந்துகொண்டிருந்த நேரம். நான் பஸ் ஏறிப் போய்க் கச்சேரி முடிந்ததும் ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். முழு நோட்டையும் எடுக்கச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கார்த்திகையில், பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் போன் வந்தது.

"சார், உங்க நோட்டு பார்த்தேன். நிறைய உழைப்பு இருக்கு. டிசம்பர் கச்சேரியில ஒண்ணு பாடலாம்னு இருக்கேன்."

எனக்குக் கால் தரையில் இல்லை. எது என்று கேட்டேன். என் தோடி ராகக் கீர்த்தனையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கடைசிப் பக்கத்துல ஒரு சஹானா இருக்கே, அதுதான். மத்ததெல்லாம் படிச்சு எழுதினது மாதிரி இருக்கு, தப்பா நினைக்காதீங்க. இது உங்களை மீறி வந்திருக்கு. முத்திரை மட்டும் காணோம். விட்டுட்டீங்களா?"

மைதானத்தில் பிள்ளைகள் கூச்சல். சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன், அவள் காலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. 'அது என் மனைவி பாடியது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் வரவில்லை.

"ஆமா மேடம், அது முடிக்காமக் கெடந்தது" என்றேன். "நாளைக்கு அனுப்பி வைக்கேன்."

அன்று சாயங்காலம் பாட்டு வகுப்பு இல்லை என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். 'ஆரறிவார், மண்ணின் தாகம்' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் முத்திரையைப் போட்டு, பின்னால் 'பாடும் ராகம்' என்று சேர்த்தேன். தாகம் இருந்த இடத்தில் ராகம், ஓசை சரியாக உட்கார்ந்துவிட்டது என்று ஒரு திருப்திகூட வந்தது. வீட்டுக்குள்ளேதானே, அவள் பாட்டு வேறு என் பாட்டு வேறா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அப்போது பின்கட்டில் குழாய்க்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. போனிலேயே நேரடியாகப் பார்க்கலாம் என்று பாடகி லிங்க் அனுப்பியிருந்தார். நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குக் கல்லூரியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நெட் சரியாக இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தன் போனிலிருந்து எடுத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டாள். மூன்று பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்தோம்.

பாடகி மைக்கில் சொன்னார்: "அடுத்தது ஒரு புது கீர்த்தனை. கோவில்பட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிற ஆசிரியர் இயற்றினது." என் பெயரைச் சொன்னார். மகள் என் தோளில் ஒரு குத்து விட்டாள். என் மனைவி சிரித்தாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தாள். பிறகு பல்லவி ஆரம்பித்தது.

மகள்தான் முதலில் திரும்பினாள். "எப்பா, இது அம்மா பாடுததுல்லா?"

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  என் மனைவி முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தாள். பாடகி நன்றாகப் பாடினார், அதில் சந்தேகமில்லை. வயலின்காரர் அந்தப் பல்லவியை வாங்கி வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லாம் அவளுக்கு வர வேண்டியது, என் பெயருக்கு வந்துகொண்டிருந்தது. சரணத்தின் கடைசி வரி வந்தபோது அவள் கை முழங்காலுக்கு மேலே அப்படியே நின்றது. என் முத்திரை போனதும் மறுபடி விழுந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் தாளம் விடவில்லை.

"நல்லாப் பாடுதாவ" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். மகள் தன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், என்னைப் பார்க்காமல்.

நான் பின்னாலேயே போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இல்லாமப் பாட மாட்டாவ, அதான்..." என்றேன்.

"அப்பம் எம்பேர வைக்க வேண்டியதான?"

 அவள் இன்னும் நான்கைந்து வெங்காயம் உரித்துப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"பாட்ட எடுத்ததக்கூட விடுங்க. 'ஆரறிவார்'னு கேட்டுட்டு கொஞ்சம் சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்குத எடத்துல உங்க பேரு ஏறி உக்காந்திருக்கு. அப்புறம் அந்த இழுப்பு. அது தாகத்துக்கு வச்சது. ராகத்துக்கு எதுக்கு அம்புட்டு இழுப்பு?"

அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் பேசியது பாட்டு இயற்றுகிறவள் பேசுகிற பேச்சு. என் வேலையில் பிழை கண்டுபிடித்துக் காட்டினாள், அடுப்படியிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி. அன்றைக்குத்தான் நெஞ்சில் ஊறியதற்குப் பெயர் எனக்குத் தெரிந்தது. குற்றம் செய்தவன் நான், ஆனாலும் வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமையாசிரியை பேசும்போது என்னைக் 'கரிசல் மண்ணின் இசைமேதை' என்றார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, மண்ணோட கஷ்டத்த அப்படியே சொல்லிட்டிய" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை. வீட்டில் அவள் வழக்கம்போல் சோறு கட்டிக்கொடுத்தாள். பாடவோ முனகவோ மட்டும் இல்லை. அந்த அமைதி எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனோம். மாமனார் ஆட்டுக்கிடையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். யாரோ பையன்கள் போனில் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"பாட்டு கேட்டேன் மாப்ள. அது என்ன, வந்த வழி மறந்தாயோன்னு வருதுல்லா?"

"ஆமா மாமா."

"அந்த வார்த்த உங்களுக்கு எங்கன கெடச்சுது?"

 அவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சின்னப் பிள்ளைல இவ எங்கூட மேய்ச்சலுக்கு வருவா. வழி தவறிப்போன குட்டி பொழுதடைய வந்து சேரும். இவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு அதுகிட்டப் போயி, 'வந்த வழி மறந்துட்டியோ, மவராசா'ன்னு கேப்பா. நாங்க எல்லாரும் சிரிப்போம். அதான் கேட்டேன்."

"அவ சொல்லித்தான் மாமா" என்றேன். பாதி உண்மை. அவர் "அப்படியா" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி வீட்டுக்குள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெருந்தன்மையையும் என்னால் தாங்க முடியவில்லை, அதுவும் அவளுக்கே சேர்ந்துவிட்டதே என்று.

கோவில்பட்டி திரும்பிய மறுநாள் பாடகிக்குப் போன் பண்ணினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மேடம், அந்தச் சஹானா என்னுடையது இல்லை. என் மனைவி இயற்றியது. கடைசி வரியில் முத்திரையைத் திணித்ததுதான் நான் செய்தது.

 அவர் சிரித்தார்.

"சார், உங்க மனசு யாருக்கு வரும்? வீட்டுக்காரம்மாவுக்குப் பேர் போகட்டும்னு நினைக்கிறீங்க, அப்படித்தானே?"

"இல்ல மேடம், நெசமாவே..."

"புரியுது சார், புரியுது."

அடுத்த மாதம் வேறொரு கச்சேரியில் அதே பாட்டைப் பாடுவதற்கு முன்னால் சொன்னாராம்: "இதை இயற்றினவர் எவ்வளவு பெரிய மனுஷர் தெரியுமா? இது என் மனைவி எழுதினதுன்னு என்கிட்ட வாதாடுறார்." சபை கைதட்டியதாம். உண்மையைச் சொல்லப் போய், முன்பு திருடியதைவிடக் கூடுதலாகப் புகழ் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

இந்தக் கதையை மகள்தான் போனில் அம்மாவிடம் சொன்னாள். என் மனைவி கம்பெனியிலிருந்து வந்த கையோடு, வெல்லப் பிசுக்கை முந்தானையில் துடைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அவிய நம்பர போட்டுக் குடுங்க."

போட்டுக்கொடுத்தேன். அவள் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம் வணக்கம். நான் கோவில்பட்டில இருந்து பேசுதேன், சார் வீட்ல. அந்தப் பாட்டுல கடைசி வரி அப்படி இல்ல மேடம். ஒருக்கப் பாடிக் காட்டட்டா?"

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. நின்றபடியே பாடினாள். 'ஆரறிவார்' என்று கேட்டாள். சும்மா இருந்தாள். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். 'மண்ணின் தாகம்' என்று எடுத்து இழுத்துப் பல்லவிக்குள் போய் விழுந்தாள்.



"இன்னொரு தடவை பாடுங்க" என்றார் பாடகி. பாடினாள். "முதல்ல வந்த தாள்ல இந்த வரிதான் இருந்துச்சு, சார் மாத்தி அனுப்பினார். அதுலேருந்து அந்த இடம் எனக்கு ஒவ்வொரு தடவையும் இடறும். என் தொண்டைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா அம்மா?"

"பதினோரு பாட்டு இருக்கு மேடம். எழுதி வைக்கல. எழுதுறவியகிட்ட குடுக்கப் பயமா இருந்துச்சு."

என் முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். பதினொன்று! அந்தச் சத்தமில்லாத மாதங்கள் எல்லாம் அவள் உள்ளுக்குள் பாட்டு அமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பங்குனியில் பாடகி ரயிலேறி வந்தார். காலையில் வந்து சாயங்காலம் வரை எங்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஒவ்வொன்றாகப் பாட, நான் ஸ்வரம் எழுதினேன். ஆனந்தபைரவியில் ஒன்று, மொட்டை வெயிலில் ஒற்றை வேம்பைப் பற்றியது. கேட்கக் கேட்கப் பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. ஒரு ஸ்வரத்தை மாற்றி, தைவதத்தை நிஷாதமாக எழுதிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? சிவப்புப் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு சரியாகத்தான் எழுதினேன். நல்லவன் என்பதால் அல்ல. தப்பாக எழுதினால் அவள் அடுத்த நிமிடமே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள், அந்த அம்மாள் முன்னால்.

கிளம்பும்போது பாடகி என்னிடம், "சார், உங்களோடதுலயும் ஒண்ணு..." என்று தொடங்கினார். இரக்கத்தில் சொல்கிறார் என்று அந்தக் கணமே தெரிந்தது. அவர் முடிப்பதற்குள், "தோடி இருக்கு மேடம்" என்றேன். அவர் அதைப் பாடவே இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அந்தப் பாடகி மேடையில் தவற்றைத் திருத்திச் சொன்னார். என்னைக் குறைத்துப் பேசவில்லை, 'ஒரு குழப்பம் நடந்துவிட்டது' என்றார். பள்ளிக்கூடத்தில் நானே போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னேன். பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இல்லை போலும், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவளுடைய பாட்டுகளை இப்போது ஐந்தாறு பேர் பாடுகிறார்கள். முத்திரை வைக்கச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். "எம்பேருக்கு ராகத்துல எடம் இல்ல" என்று சிரிப்பாள். மதுரையில் ஒரு கச்சேரிக்குப் போனபோது அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்த என்னிடம் ஒரு பெரியவர் கனிவோடு கேட்டார்: "உங்களுக்கும் சங்கீதத்துல கொஞ்சம் ஈடுபாடு உண்டோ?"

"கொஞ்சம்" என்றேன்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று அவளிடம் ஒரு தரம் கேட்டேன். "அத விடுங்க, அந்த ஆறாவது பாட்டுல அனுபல்லவி இழுக்குதா?" என்றாள். அது மன்னிப்பா, மறுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் கேட்கிறாள். அது போதும் என்று நினைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் திருநெல்வேலியில் ஒரு நாட்டிய ஆசிரியை தன் மாணவிகளுக்கு ஒரு பத வர்ணம், ஆடுவதற்கென்றே அமைக்கிற வர்ணம், கேட்டார். என் மனைவி எழுதியதிலேயே நீளமானது அதுதான். சரணத்துக்குப் பிறகு வரும் ஸ்வரக் கோவை ஒன்றில் மாட்டிக்கொண்டாள். திரும்பச் சரணத்தில் வந்து விழும் இடம் அரை எண்ணிக்கை இடித்தது. மூன்று வாரம் அதோடு மல்லாடினாள். சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பிரியமாக இருந்தேன். இவளுக்கும் வராமல் போகும் என்பது எனக்கு அவ்வளவு மருந்தாக இருந்தது.

அந்த முடிச்சு எங்கே என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்வரத்தில் நின்று இளைப்பாறுவதை அவள் கடைசியில் வைத்திருந்தாள். நடுவில் வைக்க வேண்டும். இருபது வருடம் படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு வாரம் அந்த ரகசியத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டே அதே இடத்தில் வந்து மறுபடி இடித்து, நிறுத்திவிட்டு, ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"பஞ்சமத்துல கொஞ்சம் நின்னு பாரு" என்றேன்.

"நின்னா கடைசில பத்தாதே."

"கடைசில நிக்காத. நேராப் போயி விழு."

பாடிப் பார்த்தாள். விழுந்தது. இன்னொரு தரம் பாடினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரமா."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். துணியை உதறிப் போட்டாள். "நல்லவேளை, மூணாவது வாரம் ஆவல" என்றாள்.

அரங்கேற்றத்துக்குத் திருநெல்வேலி போனோம். ஆசிரியை அவளை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார். மேடையில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு, "அந்த மூணாவது ஸ்வரக் கோவையில பஞ்சமத்துல நிக்குத எடம் மட்டும் எங்க வீட்டு ஆளு சொன்னது" என்றாள். சபையில் மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர்தான். நான் எண்ணினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. அவள் ஜன்னல் ஓரம், நான் நடுவில், என் பக்கத்தில் கங்கைகொண்டானில் ஏறிய ஒருவர், உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று அவர் கேட்டதுதான் தாமதம், கயத்தாறு வருவதற்குள் பஞ்சமத்தில் நிற்பதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்குப் பாதி விளங்கவில்லை. மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பம் அந்த ஒரு எடம் உங்களது. மிச்சப் பாட்டெல்லாம் யாரு எழுதுனது அண்ணாச்சி?"

வழக்கமான பொறாமை தலையெடுத்தது. அது எங்கும் போய்விடவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. நான் உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஜன்னல் ஓரத்தில் இருந்தவளை அவருக்குத் தெரியும்படி காட்டினேன்.

"இவ எழுதுனது" என்றேன்.